கைபேசிக்குள் இருக்கும் ஒப்பந்தங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கைபேசி விலை உயர்வைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, அந்த விலையில் ஒரு பகுதி காப்புரிமைக்கான உரிமக் கட்டணமாகப் போகிறது என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தோம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை அதிகம். அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஒரு கைபேசி விற்றால் எனக்கு நிற்பது சில நூறு ரூபாய். அதே கைபேசியில் குவால்காமுக்கும் எரிக்சனுக்கும் எவ்வளவு போகிறது? அதை யார் கட்டுகிறார்கள்?
– கைபேசிக் கடை உரிமையாளர், திருநெல்வேலி

கட்டுபவர் அந்தக் கைபேசியைத் தன் பெயரில் விற்கும் நிறுவனம். விற்பனைக் கணக்கைக் காலாண்டுதோறும் காப்புரிமையாளருக்கு அனுப்பி அதற்குரிய தொகையைச் செலுத்துவது வழக்கம். உங்கள் கடை ரசீதில் இது தனியாகத் தெரியாது. நீங்கள் கொள்முதல் செய்யும் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

தொகையைப் பொறுத்தவரை, பெரிய நிறுவனங்கள் சில தங்கள் விகிதத்தை வெளிப்படையாகவே அறிவித்திருக்கின்றன. 5ஜி கைபேசி ஒன்றுக்கு, தரநிலைக்கு (எல்லாக் கைபேசிகளும் பின்பற்றும் பொதுத் தொழில்நுட்ப விதிகளுக்கு) இன்றியமையாத காப்புரிமைகளுக்கு மட்டும், அமெரிக்கச் சில்லு நிறுவனமான குவால்காம் கேட்பது தயாரிப்பாளரின் நிகர விற்பனை விலையில் 3.25 சதவீதம், விலை 400 டாலரைத் தாண்டினாலும் கணக்குக்கு 400 டாலர்தான். ஆகவே 200 டாலர் கைபேசிக்கு ஆறரை டாலர். எவ்வளவு விலை உயர்ந்த கைபேசியாக இருந்தாலும் 13 டாலருக்கு மேல் போகாது. சுவீடனின் தொலைத்தொடர்புக் கருவி நிறுவனமான எரிக்சன் 2017இல் அறிவித்தது கைபேசியின் தரத்தைப் பொறுத்து இரண்டரை முதல் ஐந்து டாலர் வரை. நோக்கியா 2018இல் 3 யூரோ என்றது. ஹுவாவே 2021இல் அதிகபட்சம் இரண்டரை டாலர் என்றது. இவை நான்கு மட்டுமே. கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆனால் இந்த எண்களைக் கூட்டி அதுதான் போகிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இவை பேரம் தொடங்கும் இடத்து விலைகள். சாம்சங் போல, தானும் ஏராளமான காப்புரிமைகளை வைத்திருக்கும் நிறுவனம் எதிர்த்தரப்பிடம் போகும்போது, உன்னுடையதை நான் பயன்படுத்துகிறேன், என்னுடையதை நீ பயன்படுத்துகிறாய் என்று கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கட்டும். கையில் எதுவும் இல்லாமல் புதிதாகச் சந்தைக்கு வருபவருக்குக் கழித்துக்கொள்ள ஒன்றும் இராது. ஒரே தொழில்நுட்பத்துக்கு இருவர் வெவ்வேறு விலை கொடுப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கேள்வி: குவால்காம் இன்று கைபேசியும் செய்வதில்லை, கோபுரக் கருவிகளும் செய்வதில்லை. அப்படிப்பட்ட நிறுவனம் உலகம் முழுவதும் கட்டணம் வசூலிக்கும் நிலைக்கு எப்படி வந்தது? அதனோடு கூட்டுச் சேர்ந்த கொரியா முன்னேறியது என்கிறார்களே, அது உண்மையா?
– மின்னணுவியல் மாணவி, கோயம்புத்தூர்

இரண்டு கேள்விகளும் ஒரே கதையின் இரண்டு பாதிகள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

1985இல் சான் டியாகோ நகரில் இர்வின் ஜேக்கப்ஸ், ஆன்ட்ரூ விட்டர்பி உள்ளிட்ட ஏழு பேர் தொடங்கிய நிறுவனம் குவால்காம். ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் பலரையும் பேசவிட்டு, ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு தனிக் குறியீட்டைக் கொடுத்துப் பிரித்தெடுக்கும் சி.டி.எம்.ஏ. முறையைக் கைபேசிக்குக் கொண்டுவரலாம் என்று அவர்கள் சொன்னபோது, காலம் கடந்திருந்தது. அமெரிக்கக் கைபேசித் தொழில் சங்கம் 1989 தொடக்கத்திலேயே, நேரத்தைக் கூறுபோட்டுக் கொடுக்கும் டி.டி.எம்.ஏ. முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டது. ஐரோப்பாவின் ஜி.எஸ்.எம். முறையும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது.

அதே ஆண்டு நவம்பரில் குவால்காம் தொழில்துறையினரைச் சான் டியாகோவுக்கு அழைத்து ஒரு செயல்விளக்கம் நடத்தியது. அன்றைய அவர்களுடைய ‘கைபேசி’ ஒரு வேனின் உட்புறத்தை அடைத்துக்கொண்டிருந்த கருவிகள். ஜேக்கப்ஸ் அறிமுக உரையை முடிக்கப் போகும் நேரத்தில், பின்னாலிருந்த பொறியாளர் ஒருவர் பேச்சை நிறுத்த வேண்டாம் என்று கையசைத்தார். அடிநிலையங்களின் (கைபேசியோடு அலைவழி பேசும் கோபுரக் கருவிகளின்) கடிகாரங்களை ஒத்திசைக்கும் ஜி.பி.எஸ். சமிக்ஞையில் கோளாறு. அது சரியாகும்வரை ஜேக்கப்ஸ் பேசிக்கொண்டே இருந்தார். அதன் பிறகு வேன் கிளம்பியது, அழைப்பும் நிலைத்தது. அந்த நாள் பிசகியிருந்தால் இந்தப் பதிலில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்திருக்கும்.

செயல்விளக்கம் நன்றாக நடந்தும், அமெரிக்காவில் பெரிய ஆதரவு உடனே வரவில்லை. அந்த இடைவெளியில் முன்வந்தது கொரியா. அந்நாட்டின் மின்னணு, தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிறுவனமான எட்ரி, 1991இல் குவால்காமுடன் கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தம் செய்தது. அடிப்படைத் தொழில்நுட்பத்தைக் குவால்காம் தரும். அதை ஒரு நாடு முழுவதும் இயங்கக்கூடிய இணைப்பகமாகவும் அடிநிலையமாகவும் ஆக்கும் வேலையை எட்ரியும் சாம்சங், எல்.ஜி., ஹூண்டாய், மாக்சன் ஆகிய நிறுவனங்களும் செய்யும். இந்த ஒப்பந்தத்தில் நான் மிகவும் கெட்டிக்காரத்தனமானதாகக் கருதுவது ஒரு விதி: கொரிய நிறுவனங்கள் குவால்காமுக்குக் கட்டும் ராயல்டியில், அதாவது உரிமக் கட்டணத்தில், 20 சதவீதம் எட்ரிக்குத் திரும்ப வந்துவிட வேண்டும். வேறெங்கும் நிரூபிக்கப்படாத ஒரு முறையை நம்பி இறங்கும் துணிச்சலுக்கு அவர்கள் போட்ட விலை அது.

1996 சனவரியில் கொரியாவில் சி.டி.எம்.ஏ. சேவை தொடங்கியது, சாம்சங்கும் எல்.ஜி.யும் கைபேசி ஏற்றுமதியாளர்கள் ஆயின. உறவு கசக்காமல் இருந்தது என்று சொல்ல முடியாது. உள்நாட்டில் விற்கும் கைபேசிக்கு 5.25 சதவீதம், ஏற்றுமதிக்கு 5.75 சதவீதம் என்ற விகிதம் கொரிய நிறுவனங்களுக்குப் பாரமாகவே இருந்தது. திருப்பித் தர வேண்டிய 20 சதவீதத்தைக் கணக்கிடுவதில் வந்த தகராறு, சர்வதேச வணிகச் சபையின் நடுவர் மன்றம்வரை சென்று எட்ரிக்குச் சாதகமாக முடிந்தது. பின்னாளில் கொரிய வணிகப் போட்டி ஆணையம் 2016இல் குவால்காமுக்கு 1 இலட்சம் கோடி வோனுக்கும் மேல் அபராதம் விதித்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023இல் அதை உறுதிசெய்தது. கூட்டாளிகள் வழக்காடிக்கொண்டே கூட்டாளிகளாக இருப்பது இந்தத் தொழிலில் அதிசயமன்று.

இனி, குவால்காம் ஏன் தயாரிப்பை விட்டது என்பதற்கு வருவோம். தொடக்கத்தில் அது எல்லாவற்றையும் செய்தது. 1994இல் சோனியுடன் சேர்ந்து கைபேசித் தயாரிப்பிலும் இறங்கியது. ஆனால் உரிமம் வாங்கிக் கைபேசி விற்பவர்களுக்கு, உரிமம் தருபவரே போட்டியாளராக இருப்பது பிடிக்கவில்லை. 1999 மார்ச்சில் எரிக்சனோடு பல ஆண்டு வழக்கை முடித்துக்கொண்டபோது, இருவரும் ஒருவருக்கொருவர் உரிமம் கொடுத்துக்கொண்டதோடு, குவால்காமின் அடிநிலையக் கருவித் தொழிலை எரிக்சன் வாங்கிக்கொண்டது. அவ்வாண்டு இறுதியில் கைபேசித் தொழிலை ஜப்பானின் கியோசெராவுக்கு விற்பதாக அறிவிப்பு வந்தது. மிஞ்சியவை சில்லுகளும் உரிமங்களும். அந்த ஒரே ஆண்டில் குவால்காமின் பங்கு விலை இருபத்தைந்து மடங்குக்கு மேல் ஏறியது. இன்று உரிமப் பிரிவிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 500 கோடி டாலருக்கு மேல் அதற்கு வருவாய் கிடைக்கிறது.

நம் நாட்டில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் 2002 இறுதியில் சி.டி.எம்.ஏ. சேவையைத் தொடங்கி, மறு ஆண்டு 501 ரூபாய்த் திட்டத்தோடு வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது நினைவிருக்கலாம். அந்தக் கைபேசிகளில் பல எல்.ஜி.யும் சாம்சங்கும் செய்தவை. கொரியா தொழில்நுட்பத்தை உருவாக்கும் கட்டத்தில் உள்ளே நுழைந்தது. நாம் பொருள் தயாராகி விலை எழுதி ஒட்டிய பிறகு வாங்கப் போனோம். சில ஆண்டுகளில் ராயல்டி அதிகம் என்று ரிலையன்ஸ் தரப்பு வெளிப்படையாகக் குறைபட்டுக்கொண்டபோது, அந்தக் குறையைத் தீர்க்கும் பிடி எதுவும் நம் கையில் இல்லை. சீனா அந்தப் பிடியை அரசின் மூலம் உண்டாக்கிக்கொண்டது: 2015இல் குவால்காமுக்கு 608.8 கோடி யுவான் அபராதம் விதித்ததோடு, சீனாவில் விற்கும் கைபேசிகளுக்கு விலையின் 65 சதவீதத்தின் மீதே ராயல்டி கணக்கிடப்பட வேண்டும் என்றும் ஒப்புக்கொள்ள வைத்தது.

கேள்வி: தரநிலையில் இடம்பெற்ற காப்புரிமையை நியாயமான விலைக்குத் தருவதாக நிறுவனங்கள் வாக்குறுதி கொடுக்கின்றன. பிறகு ஏன் இத்தனை வழக்குகள்?
– வழக்கறிஞர், சேலம்

ஊருக்குப் போக ஒரே பாதை, அந்தப் பாதையில் ஆயிரம் பேருக்குத் துண்டு துண்டாக நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரநிலை என்பது அந்தப் பாதை. 4ஜி, 5ஜி ஆகியவற்றை வகுக்கும் 3ஜிபிபி என்ற கூட்டமைப்பில் உலகின் ஏழு தரநிலை அமைப்புகள் பங்காளிகள். நம் நாட்டின் டி.எஸ்.டி.எஸ்.ஐ.யும் அவற்றுள் ஒன்று. தன் கண்டுபிடிப்பைத் தரநிலைக்குள் சேர்க்க விரும்பும் நிறுவனம், அதை நியாயமான, பொருத்தமான, பாகுபாடற்ற நிபந்தனைகளில் எவருக்கும் உரிமமாகத் தருவேன் என்று உறுதி தர வேண்டும். ஆனால் எது நியாயம் என்று எந்த அமைப்பும் எண்ணாக எழுதி வைப்பதில்லை. எழுதாமல் விட்டது மறதியால் அன்று; எழுத முயன்றால் கூட்டம் கலைந்துவிடும் என்பதால்தான். அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் வேலை கடைசியில் நீதிமன்றங்களின் தலையில் விழுகிறது.

இந்தியாவில் இதன் களம் தில்லி உயர் நீதிமன்றம். 2013இல் மைக்ரோமேக்ஸ் மீது எரிக்சன் தொடுத்த வழக்கு தொடக்கம். 2014 திசம்பரில் எரிக்சன் தொடுத்த இன்னொரு வழக்கில் ஷாவ்மி கைபேசிகளுக்கு இடைக்காலத் தடை வந்தது. சில நாட்களில், குவால்காம் சில்லு உள்ள கைபேசிகளை மட்டும், ஒவ்வொன்றுக்கும் 100 ரூபாய் நீதிமன்றத்தில் கட்டிவிட்டு விற்கலாம் என்று தடை தளர்த்தப்பட்டது. எரிக்சனிடம் குவால்காம் ஏற்கெனவே உரிமம் பெற்றிருக்கிறது என்ற வாதமே அதற்குக் காரணம். சில்லு செய்பவருக்குக் கிடைத்த உரிமம் அந்தச் சில்லை வாங்கியவரையும் காக்குமா என்ற கேள்வி, ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்தே விடை மாறும் கேள்வியாகும்.

லாவா நிறுவனத்துக்கு எதிரான எரிக்சன் வழக்கில்தான் முழு விசாரணைக்குப் பின் தீர்ப்பு வந்தது. 2024 மார்ச் 28 அன்று, விற்பனை விலையில் 1.05 சதவீதம் என்ற அடிப்படையில், 244 கோடி ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட தொகையை லாவா தர வேண்டும் என்று தனி நீதிபதி தீர்ப்பளித்தார். இங்கே கட்சிக்காரர்களின் நடத்தையும் எடை போடப்படுகிறது என்பதை உங்கள் தொழில் சார்ந்து கவனியுங்கள். உரிமம் வாங்க மனமுள்ளவர் போலக் கடிதம் எழுதிக்கொண்டே ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பவரை நீதிமன்றங்கள் இப்போது எளிதில் இனங்கண்டு கொள்கின்றன. என் கருத்தில், அவ்வாறு இழுத்தடிப்பதற்கு இணையான தவறு மற்றவர்களுக்கு என்ன விகிதத்தில் உரிமம் தந்தோம் என்பதை இரகசிய ஒப்பந்தத்தைக் காட்டி மறைப்பது. அதன் மீது நீதிமன்றங்களின் பார்வை அவ்வளவு கூர்மையாக இல்லை.

கேள்வி: மைக்ரோசாப்ட் நோக்கியாவை வாங்கியபோது, எங்கள் பக்கத்து ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் விடுபட்டது ராயல்டிப் பிரச்சினையால் என்று படித்தேன். ஆலைக்கும் ராயல்டிக்கும் என்ன தொடர்பு?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், காஞ்சிபுரம்

முதலில் விற்கப்பட்டது எது என்பதைப் பார்த்துவிடுவோம். 2013 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட அந்த ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பு 544 கோடி யூரோ. இதில் 379 கோடி கைபேசித் தொழிலுக்கான விலை. மீதி 165 கோடி, நோக்கியாவின் காப்புரிமைகளைப் பத்தாண்டுகள் பயன்படுத்திக்கொள்ளும் உரிமத்துக்கான விலை. காப்புரிமைகளை நோக்கியா விற்கவில்லை. ஆலைகளும் ஆட்களும் மைக்ரோசாப்டுக்குப் போக, மற்றக் கைபேசி நிறுவனங்களிடம் கட்டணம் வசூலிக்கும் உரிமை நோக்கியாவிடமே தங்கிவிட்டது. மைக்ரோசாப்ட் அந்தக் கைபேசித் தொழிலைச் சில ஆண்டுகளில் கைவிட்டது; நோக்கியாவோ இன்றும் காப்புரிமைப் பிரிவில் ஆண்டுக்கு 100 கோடி யூரோவுக்கு மேல் ஈட்டுகிறது. யார் எதை வாங்கினார்கள் என்பதை நீங்களே எடை போடலாம்.

ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் இயங்கத் தொடங்கிய ஆலையில் எழுந்தது காப்புரிமைப் பிரச்சினை அன்று, மென்பொருள் பிரச்சினை. அங்கே தயாரான ஒவ்வொரு கைபேசியிலும் ஏற்றப்பட்ட மென்பொருள் பின்லாந்திலிருந்து வந்தது. அதற்காக இந்திய நிறுவனம் தாய் நிறுவனத்துக்குப் பணம் அனுப்பியது. அந்தப் பணம் ராயல்டி, எனவே அனுப்பும்போதே வரி பிடித்திருக்க வேண்டும் என்றது வருமான வரித்துறை. மென்பொருளின் நகலைப் பொருளாக வாங்கினோம், அது ராயல்டி ஆகாது என்றது நோக்கியா. 2013இல் வந்த கோரிக்கை 2,000 கோடி ரூபாயைத் தாண்டியது. சொத்துகள் முடக்கப்பட்டன. ஆலையை மாற்றித்தர வேண்டுமானால் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தர வேண்டும் என்ற நிபந்தனையை 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தளர்த்த மறுத்தது. ஏற்றுமதி செய்ததாகக் காட்டிய கைபேசிகள் குறித்துத் தமிழ்நாடு அரசின் விற்பனை வரிக் கோரிக்கையும் அதே காலத்தில் குறுக்கே நின்றது. 2014 ஏப்ரலில் ஒப்பந்தம் நிறைவேறியபோது ஆலை நோக்கியாவிடமே நின்றுவிட்டது. சில மாதங்கள் மைக்ரோசாப்டுக்காகக் கைபேசி செய்து கொடுத்துவிட்டு, நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. அதற்குள் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறியிருந்தார்கள்.

வரித் தகராறு இந்திய, பின்லாந்து அரசுகளின் பேச்சுவார்த்தை மூலம் 2018இல் 20.2 கோடி யூரோ கட்டி முடித்துக்கொள்ளப்பட்டது. பின்னர் 2021இல், வேறு வழக்குகளில், வெளிநாட்டிலிருந்து வாங்கும் மென்பொருள் நகலுக்குத் தரும் விலை ராயல்டி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஏழாண்டுகள் முன்னதாக வந்திருக்க வேண்டிய தெளிவு அது. மூடிக் கிடந்த வளாகத்தை மின்னேற்றிகள் செய்யும் சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொண்டது.

கேள்வி: அப்படியென்றால் இப்போது கடையில் கிடைக்கும் நோக்கியா கைபேசி யாருடையது?
– வாசகர், தஞ்சாவூர்

எச்.எம்.டி. குளோபல் என்ற பின்லாந்து நிறுவனத்துடையது. 2016இல் நோக்கியா பெயரைப் பயன்படுத்தப் பத்தாண்டு உரிமம் பெற்று, அதற்குரிய ராயல்டியைக் கட்டி விற்கத் தொடங்கியது. பெயருக்கும் வாடகை உண்டு.

கேள்வி: நாம் எப்போதும் உரிமம் வாங்கும் பக்கத்தில்தான் இருந்திருக்கிறோமா? உரிமம் கொடுத்ததே இல்லையா?
– பொறியாளர், சென்னை

கொடுத்திருக்கிறோம், அதுவும் உங்கள் ஊரிலிருந்தே. 1990களில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான டெனெட் குழு, சென்னையின் மிடாஸ் நிறுவனம், அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் ஆகிய மூவரும் சேர்ந்து கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி அமைப்பை உருவாக்கினார்கள். அன்று முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் பிடித்த ஓர் இணைப்பைப் பத்தாயிரத்துக்குள் தர வேண்டும் என்பது இலக்கு. கம்பியில்லாத் தொலைபேசிக்கான ஐரோப்பாவின் டெக்ட் தரநிலையை அடிப்படையாகக் கொண்டு, சில்லுகளை அனலாக் டிவைசஸ் செய்தது. மேம்பாட்டுக்கான பணத்தில் ஒரு பகுதி, கருவி முழுமையாவதற்கு முன்பே இந்தியத் தயாரிப்பு நிறுவனங்களுக்கு உரிமம் விற்று முன்பணமாகப் பெறப்பட்டது. பேசிக்கொண்டே 35 கிலோபிட் வேகத்தில் இணையமும் பார்க்கலாம் என்பது அன்றைக்குச் சிறிய காரியமன்று; மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் இணைய மையங்கள் அதைக் கொண்டு இயங்கின. வெளிநாடுகளுக்கும் போயிற்று.

அதைப் பின்தள்ளியது வேறொன்றுமில்லை, மேலே சொன்ன சி.டி.எம்.ஏ. தான். உள்ளூர் கம்பியில்லா இணைப்பில் குறிப்பிட்ட எல்லைக்குள் நடமாடவும் செய்யலாம் என்று 2001இல் அரசு அனுமதித்ததும், நடமாட்டத்துக்கென வடிவமைக்கப்படாத கார்டெக்டை விட்டுவிட்டு நிறுவனங்கள் சி.டி.எம்.ஏ. பக்கம் போயின.

அண்மைக் கதை வேறு வகை. 5ஜிக்கான தேர்வு நிபந்தனைகளை சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்தபோது, கோபுரங்களுக்கிடையே 6 கிலோமீட்டர் இடைவெளி உள்ள நாட்டுப்புறச் சூழலையும் சேர்க்க வேண்டும் என்று இந்தியத் தரப்பு கேட்டுப் பெற்றது. ஊராட்சிக்கு ஒரு கோபுரம் என்றால் நம் கிராமங்களில் இடைவெளி அவ்வளவு வந்துவிடும். அதைச் சமாளிக்க, சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தைச் சார்ந்த செவிட் மையம், ஐதராபாத் ஐ.ஐ.டி. முதலியோர் உருவாக்கிய அலை வடிவம் 5ஜிஐ என்ற பெயரில் 2020இல் அந்த ஒன்றியத்தின் ஒப்புதலைப் பெற்றது. உலகத் தரநிலையோடு ஒட்டாத தனித் தரநிலை வந்தால் கைபேசியும் கருவியும் விலை ஏறும் என்று நம் நாட்டுச் சேவை நிறுவனங்களே எதிர்த்தன. அவர்கள் அச்சம் நியாயமானது. கடைசியில் 2021 திசம்பரில், 5ஜிஐயின் கூறுகளை 3ஜிபிபியின் 17ஆம் வெளியீட்டில் இணைத்துக்கொள்ள உடன்பாடு ஏற்பட்டது. தனிக் கொடியை இறக்கியதாகச் சிலர் அப்போது வருந்தினார்கள். எனக்கு அது நல்ல பேரமாகவே படுகிறது. தனித் தரநிலையாக இருந்தால் அந்தக் காப்புரிமைக்கு இந்தியாவுக்குள் மட்டுமே வேலை. உலகத் தரநிலைக்குள் சேர்ந்த கூறுக்கு, அதைப் பயன்படுத்தும் எந்த நாட்டுக் கருவியிடமும் கட்டணம் கேட்க முடியும். அதைக் கேட்டு வாங்குவதற்கு உரிமப் பேச்சு நடத்தத் தெரிந்த ஆட்களும், தேவைப்பட்டால் வழக்குக்குச் செலவழிக்கப் பணமும் அந்த நிறுவனங்களிடம் இருக்கிறதா என்பதே அடுத்த கேள்வி.